உறை உட்பட அனைவரும் நலம்

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே அப்பா நலம், அம்மா நலம், நான் நலம், நீங்கள் அனுப்பிய உறையும் நலம். அங்கே நீங்களும் சித்தியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்காகப் போலீஸ் தலைமை அலுவலகத்தில் வரிசையில் நின்று உங்கள் முழங்கால் வீங்கிவிட்டதாகச் சித்தி போனில் சொன்னார். பின்னாலிருந்து நீங்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போனை வை" என்று சொன்னதும் கேட்டது. அந்த முழங்காலுக்கு மரியாதை செய்யத்தான் இதைக் கையால் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே அம்மா வாங்கிக்கொள்வாள். அப்புறம் அது அம்மாவின் கதையாகிவிடும்.

முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உறை பிரியவில்லை, முத்திரை கலையவில்லை. அடுத்த வாரம் விசா அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன். "எதுக்கும் இன்னொண்ணு வாங்கி வைக்கவா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சித்தப்பா. அப்படி ஒன்று தேவைப்படும் அளவுக்கு நான் கவனமில்லாதவள் அல்ல.

நடந்ததை இனிச் சொல்கிறேன். உங்கள் ஊரில் படித்த காலத்தில் நான் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று உங்கள் ஊர்ப் போலீஸ் எழுதித் தர வேண்டும், அதை முத்திரை கலையாத உறையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அப்போதுதான் வேறு நாட்டில் கிடைத்திருக்கும் நூலக வேலைக்கு விசா. விதி இவ்வளவுதான். விண்ணப்பதாரர் உறையைப் பிரித்தால் சான்றிதழ் செல்லாது என்று கடைசியில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. அந்த வரியை நான் வீட்டில் உரக்கப் படித்தேன். அதுதான் தப்பு. படிக்காமல் இருந்திருந்தால் எல்லோரும் அதை மின்சார வாரியக் கடிதம் மாதிரி நினைத்து மேஜையில் போட்டிருப்பார்கள். பிரிக்கக் கூடாது என்று தெரிந்த நிமிடத்திலிருந்து இந்த வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சில்லை.

கூரியர்காரர் வந்த அன்றே முதல் கண்டம். உங்கள் அண்ணனை உங்களுக்குத் தெரியாதா? அச்சகத்தில் புரூஃப் பார்த்தே தலை நரைத்தவர். இந்த வீட்டுக்குள் வரும் எந்தக் காகிதமும் அவர் கண்ணைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மணமக்களை வாழ்த்துவதற்கு முன் சிவப்பு மையில் திருத்தி வைத்துவிடுவார். கையெழுத்துப் போட்டு வாங்கியவர், இரும்பு ஸ்கேலை உறையின் ஓரத்தில் செருகியும் விட்டார். நான் ஈரத் தலையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்து பிடுங்கினேன். நல்லவேளை, கிழிந்தது கூரியர் கம்பெனியின் பிளாஸ்டிக் உறை. உள்ளே இருந்த நிஜ உறை, மடிப்பின் மேல் நீல முத்திரையும் அதற்கு மேல் ஒட்டுத்தாளுமாக, ஒன்றும் அறியாத குழந்தை மாதிரி வெளியே வந்தது.

"பிரிக்கக் கூடாதுன்னா, உள்ள இருக்கிறது சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"போலீஸ் எழுதினதுப்பா. சரியாத்தான் இருக்கும்."

"எழுதினது போலீஸ். ஃபாரத்தை நிரப்பினது யாரு? உன் சித்தப்பன். அவன் போடுற ஒன்பது எனக்கே நாலு மாதிரித்தான் தெரியும். அவன் எழுதிக் குடுத்த போன் நம்பரை வச்சுக்கிட்டு முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட ஒரு வருஷமா நலம் விசாரிச்சிட்டு இருந்தேன். அவரும் நல்ல மனுஷன், பதில் சொல்லிட்டே இருந்தார்."

அதற்கு நான் உங்கள் பக்கம்தான் பேசினேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். சித்தப்பா அவ்வளவு அலட்சியமானவர் இல்லை என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பல வருடத்து அனுபவம் இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் காபித் தம்ளரை ஒரு கையிலும் உறையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் ஆராய்ச்சியின் முடிவை அறிவித்தார்: "ஒரே தாள். ரெண்டா மடிச்சிருக்கான். நாலு வரிக்கு மேல இல்ல."

அம்மா தையல் மிஷினை நிறுத்தினாள். "நாலு வரியா?"

"நாலு. அஞ்சாவது முத்திரையா இருக்கலாம்."

"அங்க போய் அத்தனை வருஷம் படிச்சிருக்கா. ஒரு வம்பு தும்பு உண்டா? வாடகை வீட்டுக்காரம்மா இவளை விட மனசில்லாம அழுதாளாம். அதெல்லாம் நாலு வரியில எப்படி அடங்கும்?"

அம்மாவின் ஆசை வேறு என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பாவுக்கு உள்ளே பிழை இருக்குமோ என்ற கவலை. அம்மாவுக்கு உள்ளே பாராட்டு இருக்கும் என்ற நம்பிக்கை. ஒரு வெளிநாட்டுப் போலீஸ் அதிகாரி, அம்மாவைத் தெரியாதவர், தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டிய அவசியமில்லாதவர், உட்கார்ந்து அவள் மகளைப் பற்றி நல்ல விதமாக நாலு வார்த்தை எழுதியிருக்கிறார், அதை அவள் படிக்காமலே விசா அலுவலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். "உன்னை நல்லவன்னு எழுதினதை ஊரெல்லாம் படிக்கலாம், பெத்தவ படிக்கக் கூடாது. நல்லா இருக்குடி உங்க சட்டம்," என்றாள். அடுத்த நாள் நான் குளித்துவிட்டு வரும்போது நீராவி இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது; துணி எதுவும் பக்கத்தில் இல்லை; உறை இருந்தது. "சும்மா சுருக்கம் எடுக்கலாம்னு" என்றாள். "காலர்ல பழைய தையலைப் பிரிச்சுட்டு அதே ஓட்டையில திரும்பத் தைச்சுக் குடுக்கிறவ நான். எனக்கு இது ஒரு வேலையா? பிரிச்ச அடையாளம் தெரிஞ்சா என் பேரை மாத்திக்கிறேன்." பேரை மாற்றினால் அதற்கும் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும் என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

சரி, இஸ்திரிப் பெட்டிக்கு எட்டாத இடத்தில் வைக்கலாம் என்று உறையைத் துணி வெட்டும் மேஜையின் கீழ் இழுப்பறையில், அட்டைகளுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். யாரும் தேடாத இடம் என்பது என் எண்ணம். தேடவில்லைதான். அம்மா தைத்த சட்டையை மடிக்கும்போது விறைப்பாக நிற்பதற்காக உள்ளே ஒரு அட்டை வைப்பாள் இல்லையா, அதற்கு அந்த இழுப்பறைக்குள் கையை விட்டு, அளவாகவும் கெட்டியாகவும் கைக்குக் கிடைத்ததை எடுத்து வைத்துவிட்டாள். சட்டை மாடி வீட்டு மாமாவுடையது. அவர் சுங்கத் துறையில் ஊரார் பெட்டிகளைத் திறந்து பார்த்தே ஓய்வு பெற்றவர். என் குற்றமற்ற வாழ்க்கை அவருடைய கோடு போட்ட சட்டைக்குள் படியேறி மாடிக்குப் போனது தெரியாமல், நாங்கள் மூவரும் கீழே ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். "நீங்கதான் பிரிச்சுட்டு மறைக்கிறீங்க" என்றாள் அம்மா. "இஸ்திரி போட்டது யாரு?" என்றார் அப்பா. நான் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு முழங்காலிட்டுத் தேடினேன். வேலை, விசா, நூலகத்தில் எனக்காக ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்ன ஜன்னலோர மேஜை எல்லாம் அந்த வெங்காயத் தோலுக்குள் இருப்பது போல இருந்தது.

சாயங்காலம் மாமா தானே இறங்கி வந்தார். உறையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தியிருந்தார்.

"சட்டை இந்தத் தடவை ரொம்ப விறைப்பா இருக்கேன்னு பார்த்தேன்," என்றார். "உள்ள போலீஸ் இருக்கு."

"பிரிச்சீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"சே சே. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன், அவ்வளவுதான். முத்திரை அசல். ஒட்டுத்தாள் ஒரு ஓரத்துல லேசாத் தூக்கியிருக்கு. நான் பணியில இருந்தா இதைப் பார்த்த உடனே உங்களைத் தனி ரூம்ல உக்கார வச்சிருப்பேன்."

அவர் போன பிறகு நாங்கள் மூவரும் மாறி மாறி அந்த ஓரத்தைப் பார்த்தோம். அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் பொறுப்பை முழுதாக என் கையில் எடுத்துக்கொண்டேன். உறை இப்போது என் பெரிய அகராதிக்குள் இருக்கிறது. இந்த வீட்டில் வேறு யாரும் தொடாத ஒரே பொருள் அதுதான். இருவரையும் உட்கார வைத்து ஒரு சின்னச் சொற்பொழிவும் செய்தேன். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு பண்பு, எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பது நாகரிகமில்லை, நான் எந்த நாவலிலும் கடைசிப் பக்கத்தை முன்னால் பார்த்ததில்லை என்றெல்லாம் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, ஒன்பதை மட்டும் பார்த்திருக்கலாம்," என்றார். அம்மா, "நீ போனதுக்கப்புறம் அப்பப்ப எடுத்துப் படிக்கலாம்னு நினைச்சேன். ஒரு காப்பியாவது இருக்கும்ல," என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

ஆகவே சித்தப்பா, நீங்கள் கவலையின்றி ஓய்வெடுங்கள். சித்தி சொல்வதைக் கேளுங்கள், படிக்கட்டைக் குறையுங்கள். இரண்டாவது பிரதிக்காக எங்கும் அலைய வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அப்பா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார், எண்களைத் தெளிவாக எழுதிப் பழகச் சொன்னதாகவும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அம்மா சித்திக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். உங்கள் இருவர் காலையும் தொட்டு, உங்கள் ஆசியோடு புறப்படக் காத்திருக்கும்,

உங்கள் அண்ணன் மகள்.

பின்குறிப்பு: சித்தப்பா, இன்னொரு பிரதி தேவைப்படுகிறது.

மேலே உள்ளதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, ஒரு முறை உறையைப் பார்த்துவிடலாம் என்று அகராதியைத் திறந்தேன். அப்பாவும் அம்மாவும் நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். என்னைப் பற்றி எழுதப்பட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் நான் மட்டும் படிக்கக் கூடாது என்று ஒரு காகிதம் கையில் இருந்தது. ஒட்டுத்தாளின் ஓரம் ஏற்கெனவே தூக்கியிருந்தது. என் நகமும் அங்கேயே இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நான் முழுசாகப் படித்து முடிப்பதற்குள் அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. அப்பா அச்சகத்தில் புரூஃப் வாங்குவது போலக் கையை நீட்டினார். அம்மா அவர் தோளுக்கு மேலிருந்து எட்டி உரக்கப் படித்தாள்: "மேற்கண்டவர் பேரில் குற்றப் பதிவு எதுவும் இல்லை." அப்புறம் தாளைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். "அவ்வளவுதானா? இல்லைன்னு எழுதுறதுக்கா இத்தனை முத்திரை?" அதற்குள் அப்பா சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். கைப்பழக்கம், நான் தடுப்பதற்குள் வட்டம் போட்டு, ஓரத்தில் ஒன்பது என்று திருத்தி, கீழே சுருக்கொப்பமும் இட்டுவிட்டார். தொண்ணூற்றைந்தில் பிறந்த நான் அந்தத் தாளில் நாற்பத்தைந்தில் பிறந்திருக்கிறேன். அப்படியே கொடுத்திருந்தால், என்ன நடந்தது என்றே தெரியாமல் விசா போயிருக்கும். அப்பா உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். வெகுநேரம் குடித்தார். திரும்பி வந்தபோதும் முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது.

விசா அலுவலகத்தில் தேதியை ஒரு தடவை மாற்றித் தருவார்களாம், மாற்றிவிட்டேன். நூலகத்தாரும் மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சமெல்லாம் உங்கள் முழங்காலில் இருக்கிறது. இந்த முறை, அவர்கள் முத்திரை வைப்பதற்கு முன்பே நீங்கள் படித்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. முடிந்தால் நல்ல விதமாக ஒரு வரி கூட்டி எழுதச் சொல்லிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் கோரிக்கை. கெஞ்சிக் கேட்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பிறகுதான் தோன்றியது, ஒரு நாட்டுப் போலீசே முத்திரை குத்திச் சொல்லியிருக்கும்போது நான் எதற்குக் கெஞ்ச வேண்டும்? அந்தத் தாளின்படி நான் அப்பாவுக்கே மூத்தவள்.

ஆகவே, தம்பி, முழங்காலுக்குப் பட்டி கட்டிக்கொண்டு நாளைக் காலையிலேயே போய் வரிசையில் நில். ஒன்பதை ஒன்பது மாதிரிப் போடு. மனைவி சொல்வதைக் கேள். நன்றாக இரு.

ஆசிகளுடன்,
உன் அக்கா.