மார்லாவை நான் கூப்பிடவே இல்லை

பார்கோ, வெள்ளிக்கிழமை

என் அருமைத் தங்கை மார்லாவுக்கு அக்கா ரோண்டா ஆயிரம் அன்போடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் முழங்கால், பூனை மூவரும் சுகம். அங்கே நீயும் உன் கோபமும் சுகம்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில் பாஸ்டர் மனைவி, "புதுக் கடைக்குத் தங்கச்சியைக் கூப்பிட்டுக்கலையா?" என்று கேட்டதும், "அவளை நான் கூப்பிட மாட்டேன்" என்று நான் சொன்னதும், என் முதுகுக்குப் பின்னால் நீ தட்டோடு நின்றதும் எல்லாம் வாஸ்தவம். தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாய். நான் சுட்டுக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷை விட்டுட்டுப் போற ஆளா நீ? ஆனால் எனக்கு எதிர்ப் பக்கம் உன் முதலாளியம்மா கிளெண்டா நின்றதை நீ பார்க்கலை. அவளுடைய பார்லரில் உன்னோடு வேலை பார்த்தபோது, நான் அதை விட்டுப் போனால் ஒரு வருஷத்துக்கு அங்கே வேலை செய்கிற யாரையும் என் பக்கம் இழுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். பேனா கொடுத்தவள் நீ.

ஆற்றுக்கு அந்தக் கரையில் அவள் பார்லர், மின்னசோட்டா சட்டம்; இந்தக் கரையில் என் கடை, வடக்கு டகோட்டா சட்டம். கோர்ட்டில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, தலை நிறைய ஷாம்பு நுரையோடு, "இந்தக் கரையில அந்தக் காகிதம் நிக்கிறது சந்தேகம்தான் ரோண்டா" என்றாள். கரை மாறினால் கையெழுத்து மாறுமா? நம்ம அம்மா படுக்கையில் கிடந்தபோது வீடு தேடி வந்து முடி வெட்டிவிட்டவள் கிளெண்டா. அதனால்தான் ஒரு வருஷமாக உன்னைப் பார்த்தால் பனியைப் பற்றியே பேசுகிறேன். நம்ம ஆட்கள் காபிக்கே இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவைதான் கோப்பையை நீட்டுவோம். எனக்கோ ஒரு தடவை கேட்கவே வாய் இல்லை.

ஆகவே, இரண்டாவது நாற்காலி காலி என்றோ, உன் குள்ள உயரத்துக்குத் தாழ்த்தி வைத்திருக்கிறேன் என்றோ நான் எழுதவில்லை. அதில் என் கோட் உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் ஒரு பெரியவர் உட்காரப் போனார், "அது ஆளுள்ள இடம்" என்று எழுப்பிவிட்டேன். அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு போயே விட்டார்.

உன் வீட்டுக்காரரையும் அவருடைய மீன்பிடிக் குடிசையையும் விசாரித்ததாகச் சொல். கர்த்தர் உன் இடுப்பு வலியையும் கோபத்தையும் சேர்த்தே குறைக்கட்டும்.

உன்னைக் கூப்பிடாத அக்கா,
ரோண்டா

பின்குறிப்பு: நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமையோடு காகிதத்தில் போட்ட அந்த ஒரு வருஷம் முடிகிறது. இதைத் திங்கட்கிழமை காலையில்தான் தபாலில் போடுவேன். ஆகவே, வா. "ஐயோ, வேண்டாம்க்கா"ன்னு சொல்லுவ, சொல்லிக்கோ. வாயேன். "உனக்கு எதுக்குச் சிரமம்"பே, அதையும் சொல்லி முடி. கோட்டை எடுத்து ஆணியில மாட்டிட்டேன். வாடி.