மற்றவர்களுக்குப் பிடித்தால் சாவி

"குழந்தை ஒண்ணே ஒண்ணுதாங்க. வீட்ல இருக்கறதே தெரியாது!"

லிஃப்ட் மெக்கானிக் அன்று சொன்ன முதல் பொய் இது. மணி ஒன்பதே முக்கால். வீட்டுக்காரம்மா வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் இன்னும் எத்தனை பொய் சொல்லப் போகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது, பாவம்.

அவர் மகளுக்கு ஏழு வயது. தட்டு, மேசை, கதவு, அப்பாவின் முதுகு என்று கைக்கு எட்டியதில் எல்லாம் தாளம் போடுவாள். அவள் வீட்டில் இருப்பது மூன்றாவது தெருவுக்குத் தெரியும்.

ஆனால் முதல் மாடி வாசலில் நின்று கேட்டவர் லேசுப்பட்ட ஆளாகத் தெரியவில்லை. பருத்த உடம்பு, மேலுதட்டையே விழுங்கிவிட்ட மீசை. "குழந்தைங்க உண்டா?" என்று அவர் கேட்ட தோரணைக்கு, உண்டு என்றால் வீடு கிடையாது என்றுதான் அர்த்தம்.

பதிலைக் கேட்டதும் மீசைக்காரரின் முகம் தொங்கிப்போனது. "ஓ... அவ்வளவு அமைதியா?"

ஐயையோ, இவருக்கு அமைதி பிடிக்காதா? மெக்கானிக் சட்டென்று கியர் மாற்றினார். "அதுக்காக ஒரேயடியா அமைதின்னும் சொல்ல முடியாது. அப்பப்ப கத்துவா."

"கத்துவாளா?" மீசைக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"நல்லாவே கத்துவா."

"நல்லது, நல்லது" என்று தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். பாஸா, ஃபெயிலா? ஒன்றும் புரியவில்லை.

பேச்செல்லாம் அந்த ஊர் பாஷையில்தான் நடந்தது. மெக்கானிக்கிடம் நாலு மாதத்தில் சேர்ந்திருந்த அரைகுறை பாஷை அது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மீசைக்காரரும் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக யோசித்துத்தான் பேசினார். வெளியூர்க்காரனுக்குப் புரிய வேண்டுமே என்று எவ்வளவு பெருந்தன்மை! மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது.

பெருந்தன்மைக்கு அவர் அந்த அளவுக்கு ஏங்கிப் போயிருந்தார். நாலு மாதமாக வீடு தேடுகிறார். மரங்கள் அடர்ந்த பகுதியில் தேடினார். போனில் "காலியா இருக்கு, வாங்க" என்பார்கள். நேரில் இவர் முகத்தைப் பார்த்ததும் "இப்பத்தான் இன்னொருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்பார்கள். இவர் மாடிப்படி ஏறுகிற நேரத்துக்குள் மூன்று வீடுகள் இப்படிப் போயின. சரி, நம் பாஷைக்காரர்கள் இருக்கும் பகுதிக்கே போவோம் என்று போனார். அங்கே ஐந்தே நிமிடத்தில் இவர் சம்பளம், மாமனார் தொழில், மச்சினனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது வரை கேட்டு வாங்கிக்கொண்டு, இவர் சம்பளத்தில் முக்கால்வாசியை வாடகையாகச் சொன்னார்கள்.

அதைக் கேட்டு மனைவி போனிலேயே கொதித்தாள்.

"என்னங்க, அந்தப் பக்கமே வேண்டாம். நான் உங்களைத் திட்டுறது ஊருக்கெல்லாம் புரியணுமா? பல தினுசு ஜனங்க இருக்கற இடமாப் பாருங்க. ஆனா பாப்பாவுக்கு ஜுரம்னு கதவைத் தட்டினா, என்ன ஏதுன்னு எழுந்து வர்றவங்களா இருக்கணும்."

"அப்படி ஜனங்களை நான் எங்கடி தேடுவேன்?"

"லிஃப்ட்டுல எந்தக் கம்பி தேஞ்சிருக்குன்னு சத்தத்தை வெச்சே சொல்ற ஆளு. இதைக் கண்டுபிடிக்க மாட்டீங்களா?"

கண்டுபிடித்துவிட்டார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு தெரு. கடைப்பலகைகளில் ஐந்து விதமான எழுத்து. முடிவெட்டும் கடையில் ஒரு பாஷை, மருந்துக் கடையில் வேறொரு பாஷை. பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்று பார்த்தார். ஒருவர்கூட இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்காத இடத்தில் நிற்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே, தரைத்தளமும் நாலு மாடியும், தளத்துக்கு ஒரு வீடாக ஒரு கட்டிடம். வாசலில் 'வாடகைக்கு' என்று போன் நம்பரோடு ஓர் அட்டை.

வீட்டுக்காரம்மா போனில் இரண்டே நிமிடத்தில் பேசி முடித்தார்.

"நாலாவது மாடி இருக்கு. நீங்க சொல்ற வாடகையே போதும். எனக்கு ஒரே கண்டிஷன்தான். மத்த நாலு வீட்டு ஆளுங்களோட ஒத்துப்போகணும். சனிக்கிழமை காலைல எல்லாரும் அங்க இருப்பாங்க, பேசிப் பாருங்க. பத்து மணிக்கு நான் வர்றேன். பிடிச்சுப்போனா சாவி."

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கடைசி நாள். வீட்டு விலாசம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். மெக்கானிக் இருந்ததோ ஆறு ஆண்கள் முண்டியடிக்கும் ஒற்றை அறை. இந்தச் சாவி கிடைத்தால் மனைவியும் மகளும் வந்து சேருவார்கள். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் போனில்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

எனவே ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். படிக்கட்டில் ஏணி போட்டு ஒரு பெயிண்டர் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். கட்டிடம் முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை.

"லிஃப்ட் ஓடலைங்க. ஆறு நாளாச்சு" என்றார் பெயிண்டர், ஏணியிலிருந்தே.

ஓடாத லிஃப்ட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்க இவர் என்ன சாமியாரா? சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கிவிட்டார். கதவு முழுசாகச் சாத்தினால்தான் லிஃப்ட் நகரும். சாத்துகிற இடத்தில் பெயிண்ட் சொட்டி உறைந்திருந்தது. சுரண்டி எடுத்து, எண்ணெய் விட்டு, கீழுக்கும் மேலுக்குமாக நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். கையெல்லாம் கறுப்போடு, சொந்த வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி முதல் மாடியில் வெளியே வந்தபோதுதான் மீசைக்காரர் எதிரே நின்றார். அதற்கப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

இரண்டாவது மாடிக் கதவும் விரியத் திறந்திருந்தது. கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு வாழ்கிற ஜனங்கள்! மெக்கானிக் உள்ளம் பூரித்தார். வாசலில் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல், வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். கண்கள் தூக்கத்தில் செருகின.

"நைட் டியூட்டி முடிச்சு நேரா வர்றேன்" என்று திக்கித் திணறிச் சொன்னாள். "பகல்லதான் தூங்குவேன். இங்க... சத்தம் எப்படி?"

"சத்தமா? நாங்களா?" மெக்கானிக் நெஞ்சில் கை வைத்தார். "நாற்காலியைக்கூடத் தூக்கித்தான் வைப்போம். இருமல் வந்தா தெருவுக்கு இறங்கிப் போய் இருமிட்டு வருவோம்."

நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொல்லவும் இல்லை. சொன்னாலும் எங்கே உட்காருவது? வீட்டுக்குள் ஒரு நாற்காலி கண்ணில் படவில்லை. எளிமையான பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே போனார்.

மூன்றாவது மாடியில் ஆளைவிடப் பெரிய பெட்டி ஒன்று நின்றது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு ஒல்லி மனிதர் எட்டிப் பார்த்தார்.

"நான்... வாத்தியம் வாசிக்கறவன். வீட்லயும் கொஞ்சம் வாசிப்பேன். உங்களுக்கு ஒண்ணும்..."

"எனக்குப் பாட்டுன்னா உசுருங்க! தாராளமா வாசிங்க. எம் பொண்ணும் கூட உட்கார்ந்து தாளம் போடுவா!"

புதுப் பெயிண்ட் அடித்த காலிப் படிக்கட்டு. குரல் கிணற்றில் போட்ட குடம் மாதிரி கீழே வரை எதிரொலித்தது.

"தாளமா?" என்று இரண்டாவது மாடியிலிருந்து நர்ஸின் குரல் வந்தது.

மெக்கானிக் கைப்பிடிக்கு மேலே எட்டிக் குனிந்து, "சத்தம் வராத தாளம்மா! மடியில துணி மடிச்சு வெச்சுப் போடுவா!" என்று கத்தினார்.

வாத்தியக்காரர் மிரண்டுபோனார். "துணி மடிச்சு வெச்சா? அப்ப உங்க வீட்டுக்குச் சத்தமே ஆகாதா?" பெட்டியின் பூட்டை மெல்ல அழுத்திச் சாத்தினார்.

"ஆகும், ஆகும்! ஆனா ஆகாது. அதாவது..." என்று ஆரம்பித்த மெக்கானிக், மேற்கொண்டு சொல்ல ஊர் பாஷையில் வார்த்தை இல்லாமல், பேசாமல் லிஃப்ட்டில் ஏறித் தரைத்தளத்துக்குத் தப்பினார்.

அங்கே ஒரு தையற்காரம்மா, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். தான் இருக்கிற வீட்டு ஜன்னலையே எதற்கு அளக்கிறார்? தொழில் பழக்கம் விடாது என்று மெக்கானிக் மரியாதையோடு நின்றார். அந்த அம்மாளின் தோள் பையிலிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்து, "லொள்" என்றது.

மெக்கானிக் பதினெட்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். ஆனால் நாய் என்றால் தொடை நடுங்கும்.

"உங்களுக்கு நாய் ஆகாதா?" என்றார் தையற்காரம்மா கவலையோடு.

"நாயா? நாய்னா எனக்குக் குழந்தை மாதிரி!"

"அப்பாடா! கொஞ்சம் பிடிச்சுக்கங்க, அந்த மேல் ஜன்னலையும் அளந்துடறேன்."

கையில் நாய் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு நிற்காமல் கையிலிருந்த எண்ணெய்க் கறையை நக்கவும் ஆரம்பித்தது. மெக்கானிக் மூச்சையே விடவில்லை. அந்தச் சமயம் பார்த்து மேலேயிருந்து மூன்று பேரும் இறங்கி வந்தார்கள்.

"பாப்பா அமைதியா, கத்துமா? எனக்குத் தெளிவாச் சொல்லிடுங்க" என்றார் மீசைக்காரர்.

"இருமக்கூட மாட்டோம்னாரே!" என்றாள் நர்ஸ்.

"என்கிட்ட ராகம் தாளம்லாம் உசுருன்னார்" என்றார் வாத்தியக்காரர்.

நாலு பேரும் இவரையே பார்த்தார்கள். அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. நாய் குரைத்துக்கொண்டே வைத்த பாதத்தில் அதுவாகவே ஸ்பீக்கரில் திறந்துகொண்டது.

"என்னங்க! சாவி குடுத்தாங்களா இல்லையா? அது என்ன, நாய் குலைக்குது? உங்களுக்கு நாயைப் பார்த்தாலே வேர்த்து ஊத்துமே! மனுஷன் ஒரு போன் பண்ண மாட்டாரா, இங்க ஒருத்தி வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காளே..."

பின்னால் டமடம டமடம என்று மேசையில் தாளம். ஒரு வார்த்தை புரியாவிட்டால் என்ன? அந்தக் குரலுக்கும் அந்தத் தாளத்துக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. படிக்கட்டு முழுக்க அதிர்ந்தது.

இனி மறைக்க ஒன்றும் பாக்கியில்லை. மெக்கானிக் நாயைத் தையற்காரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நான் சொன்னதெல்லாம் பொய்ங்க" என்றார். "இதுதான் என் சம்சாரம். என்னைத் திட்டினா இப்படித்தான் கேக்கும். தாளம் போடறது எம் பொண்ணு. துணியெல்லாம் வைக்க மாட்டா. எனக்குப் பாட்டுல ஒரு மண்ணும் தெரியாது. நாய்னா செத்துடுவேன். ஆனா உங்கள்ல யாருக்கு உடம்பு முடியலைன்னாலும், எந்த நேரத்துல தட்டினாலும், நாங்க மூணு பேரும் எழுந்து வருவோம். லிஃப்ட் நிக்கவே நிக்காது, அதுக்கு நான் பொறுப்பு. நாலு மாசமா எம் பொண்ணை நான் பார்க்கலை. இஷ்டம்னா வீடு குடுங்க."

மீசைக்காரர் 'ஹோ'வென்று சிரித்துவிட்டார்.

"எனக்கு மூணு பசங்க! மூணும் வாலு. உங்க பொண்ணு அமைதின்னதும் என் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்!"

"நான் குறட்டை விடுவேன்" என்றாள் நர்ஸ், தலையைக் குனிந்துகொண்டு. "சுவரைத் தாண்டிக் கேக்கும். மூணு இடத்துல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நீங்க இருமக்கூட மாட்டோம்னதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"கொஞ்சம் வாசிப்பேன்னேனே, கொஞ்சம் இல்லை, தினமும் மூணு மணி நேரம்" என்றார் வாத்தியக்காரர்.

"ஒரு நாய் இல்லைங்க, ரெண்டு" என்றார் தையற்காரம்மா.

மெக்கானிக் விழித்தார். இவர்கள் எதற்கு நம்மிடம் வந்து ஒப்புக்கொள்கிறார்கள்? அதுவும் கைகளைப் பிசைந்துகொண்டு, இவர் வாயையே பார்த்துக்கொண்டு? யோசிப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். கையிலே சாவிக் கொத்து குலுங்கியது.

"என்ன, பேசி முடிச்சாச்சா? எல்லாருக்கும் பிடிச்சுதா?"

மெக்கானிக் மீசைக்காரரைப் பார்த்தார். மீசைக்காரர் மெக்கானிக்கைப் பார்த்தார். நர்ஸ், வாத்தியக்காரர், தையற்காரம்மா மூவரும் இவர்களை மாறி மாறிப் பார்த்தார்கள். யாராவது சரி என்று சொல்லட்டும் என்று ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "என்னங்க? என்ன ஆச்சு?" என்று போன் அலறிக்கொண்டிருந்தது.

ஏணி உச்சியிலிருந்து பெயிண்டர் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"அட, யாரு யாருகிட்டங்க உத்தரவு கேட்டு நிக்கறீங்க? அஞ்சு வீட்டுக்கும் நான் வெள்ளையடிச்சு முடிச்சதே நேத்துதான். இந்தக் கட்டிடத்துக்கு இன்னும் ஒரு ஈ காக்காகூடக் குடி வரலை!"