அது தூங்குது, ஆட்டு!

"ஏய், அது தூங்குது பாரு! ஆட்டு, ஆட்டு!"

குளியலறைக்குள்ளிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. அந்த வீட்டம்மாள் கைவேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். இந்த வயதில் அந்த வீட்டில் தொட்டிலா என்று அவளுக்கு ஒரு நியாயமான சந்தேகம்.

தொட்டிலும் இல்லை, குழந்தையும் இல்லை. கடைக்காரர் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிப்போய், கறுத்துக் கிடந்த கம்ப்யூட்டர் முன்னால் மவுஸைப் பிடித்து ஆட்டினாள். திரை வெளிச்சமானது.

"முழிச்சிடுச்சா?"

"முழிச்சிடுச்சு. முதல்ல தலையில இருக்கிற சோப்பைக் கழுவுங்க."

எல்லாம் மாப்பிள்ளை செய்த ஏற்பாடு. போன தடவை வந்தபோது, "மாமா, உங்க கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிற நேரத்தை மருத்துவ ஆராய்ச்சிக்குத் தானமா கொடுக்கலாம். மறதி நோய்க்கு மருந்து தேடுறவங்களுக்கு இது கணக்குப் போட்டுக் கொடுக்கும்" என்று எதையோ ஏற்றிவைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டார்.

மறதி நோய் என்றதற்கு மேல் கடைக்காரர் காதில் எதுவும் ஏறவில்லை. உள்ளறையில் இருந்த அவருடைய அக்காவுக்கு அதுதான். தாயின் முகமே தெரியாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள், இப்போது சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிற மனிதர், அக்கா விஷயத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். செய்வதற்கென்று ஒரு காரியம் கிடைத்ததும் விடுவாரா?

ஆனால் திரையிலிருந்த எண் மூன்று சதவீதத்தைத் தாண்டுவேனா என்றது. அதன் பக்கத்தில் இரண்டு கோடுகள் விறைப்பாக நின்றன.

"டவர் கம்மி. ரெண்டு கோடுதான் காட்டுது" என்று தீர்ப்பு சொன்னார். மனைவியின் போனுக்கு இணையம் நிறுத்தப்பட்டது.

"என் தங்கச்சி முகத்தைப் பார்த்துப் பேசக்கூட வழியில்லையா?"

"உன் தங்கச்சி முகம் எங்கேயும் ஓடிடாது."

மாடியில் குடியிருக்கும் டியூஷன் டீச்சருக்கும் அதே கதி. அவள் மூன்று நாள் சண்டை போட்டாள். அப்புறம் பேச்சையே நிறுத்திக்கொண்டாள். கோடு இரண்டாகவே நின்றது.

சூட்டில் திணறுகிறதோ என்று அக்கா அறையிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து கம்ப்யூட்டருக்கு வைத்தார். ராத்திரியானால், "பாவம், அதுவும் களைச்சிருக்கும்" என்று மறக்காமல் அணைத்துவிடுவார். பகலில் மட்டும் ஒரு நிமிடம் கண்ணயர விடமாட்டார். திரை கறுத்தால் அக்காவின் மருந்து அங்கேயே நின்றுவிடும் என்பது அவர் கணக்கு.

கடை மதியத்தோடு பூட்டப்பட்டது. அவசரக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். ஒரு கை லென்ஸில், ஒரு கை மவுஸில்.

"கடைசி வரி தெரியுதா?"

"நீங்க கொஞ்சம் நகர்ந்தா அட்டையே தெரியும் சார்."

வியர்த்துப்போன அக்கா கதவோரம் வந்து நிற்பாள்.

"டேய் சின்னவனே, இப்படி வந்து உட்காரேன். அம்மா கடைசியா உன்னைப் பத்திச் சொன்னதைச் சொல்லணும். மறந்துடுவேன்டா."

"நீ மறக்காம இருக்கத்தான்க்கா இவ்வளவு பாடும்! இது ஓடி முடியட்டும், வர்றேன்."

"எங்கடா ஓடுது? பெட்டி வெச்ச இடத்துலயே இருக்கே."

"உள்ளுக்குள்ள ஓடுதுக்கா."

"போய்த்தான் கேளுங்களேன். நான் ஆட்டுறேன்" என்றாள் மனைவி.

"நீயா? நேத்து அசந்துபோய் அதையும் தூங்க விட்டியே!"

அதற்குப் பிறகு அக்கா வந்தபோது, "என்னமோ சொல்லணும்னு வந்தேன்..." என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யோசிச்சு வை அக்கா, இதோ வந்துட்டேன்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு நாள் காலையில் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் அடக்கமாக உட்கார்ந்தாள்.

"சார், என் தம்பி எப்ப வருவான்?"

மவுஸ் பிடித்த கை நின்றது. "நான்தான்க்கா. சின்னவன்."

"அவன் வரட்டும் சார். எங்க அம்மா சொன்னதை அவன்கிட்ட சொல்லணும். இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"நான்தான்க்கா அவன்! சொல்லு! என்ன சொன்னாங்க?"

அந்நியரிடம் காட்டும் மரியாதையோடு அவள் சிரித்தாள். "வீட்டு விஷயம் சார். வெளியாள்கிட்ட சொல்லக்கூடாது."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் மருந்தை எப்படியாவது சீக்கிரம் வரவழைக்கவேண்டும் என்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

சாயங்காலம் வந்து சேர்ந்த மாப்பிள்ளை திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஐயோ மாமா, இது டவர் கோடு இல்ல. நிறுத்தி வெச்சிருக்குன்னு அர்த்தம். மவுஸ் அசைஞ்சா, நீங்க ஏதோ வேலையா இருக்கீங்கன்னு இது ஒதுங்கிக்கும்."

"திரை கறுத்துப்போகுதே?"

"கறுத்தா கறுக்கட்டும். உள்ள ஓடிட்டுதான் இருக்கும்."

"அப்ப நான் என்னதான் மாப்பிள்ளை செஞ்சிருக்கணும்?"

காலையில் நடந்தது எதுவும் தெரியாத மாப்பிள்ளை, ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணுமே செஞ்சிருக்க வேண்டாம் மாமா. எழுந்துபோய் உங்க அக்காகூடப் பேசிட்டு இருந்திருந்தாலே, இது பாட்டுக்கு ஓடியிருக்கும்."