தொலைநோக்கிக்கு ஒரு படுதா

நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது 'தூசிப்பா' என்பது. பெரிய பொய்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அவை என்னை நிம்மதியாகத் தூங்கவிடுகின்றன. இது விடுவதில்லை.

அப்போது தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது மாடிக்கு மேலே ஒரு குவிமாடம். அதற்குள் ஒரு தொலைநோக்கி. சாவி என்னிடம். (சாவி கைக்கு வந்ததிலிருந்து நட்சத்திரங்களெல்லாம் எனக்குக் கீழே வேலை பார்ப்பதாக ஒரு நினைப்பு.) குவிமாடத்தின் கதவு இடுக்கில் தகடு துருப்பிடித்து ஒழுகியது. பழுதுபார்க்கக் கேட்டு எழுதிய கடிதம் எந்த மேசையில் உறங்கியதோ தெரியாது. துறைத் தலைவர் விடுப்பில் கிளம்பும்போது சொன்னார்: "கண்ணாடில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதும்மா. பட்டா உன் ரிசர்ச் அதோட சரி."

அந்த வாரம் பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். குறுவை அறுவடை முடிந்திருந்தது. அப்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டு, எடை போட எங்கள் முறை வரட்டும் என்று காத்திருந்தார். குவியலுக்குப் பக்கத்தில், மழை வந்தால் நெல்லை மூட, எங்கள் படுதா மடித்துவைக்கப்பட்டிருந்தது. நீல நிறம், புத்தம் புதிது. அதைப் பார்த்ததும் எனக்குத் தொலைநோக்கி ஞாபகம் வந்தது. காலடியில் கிடந்த நெல் ஞாபகம் வரவில்லை.

"அப்பா, டெலஸ்கோப்ப மூடணும், ரெண்டு நாளைக்கு இந்தப் படுதாவ எடுத்துட்டுப் போறேன்."

"மழை வந்தா?"

கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினேன். மேகமெல்லாம் நடுக்கடலில் நின்றது. "மூணு நாளைக்கு வராதுப்பா."

அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மழையே வராதுன்னா உன் குழாய்க்கு எதுக்கும்மா படுதா?"

நான் எழுதிய எந்தத் தேர்விலும் இவ்வளவு நல்ல கேள்வி வந்ததில்லை.

"தூசிப்பா."

"சரி, படிச்ச புள்ள சொல்லுற" என்று படுதாவை அவரே தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு மழை பிடித்தது. குவிமாடத்துக்குள் உட்கார்ந்து, படுதாமேல் தண்ணீர் வழுக்கி ஓடுவதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி போன் செய்தான்.

"அக்கா, இங்க கொட்டுது. அப்பா வேட்டிய அவுத்து நெல்லு மேல விரிச்சுட்டு டவுசரோட நிக்கிறாரு. எல்லாக் குவியலுக்கும் படுதா கெடக்கு. நமக்குத்தான் இல்ல."

போனை வைத்தேன். தலைவர் சொன்னதும் காதில் இருந்தது. ஆனாலும் படுதாவை உருவினேன். ஒழுகும் தண்ணீரை ஏந்தட்டும் என்று தொலைநோக்கியின் வாய்மேல் என் குடையைத் தலைகீழாக விரித்துக் கட்டிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் அந்த ஈர மூட்டையைப் பார்த்த நடத்துநர், "என்னம்மா இது, யாருக்கு?" என்றார். "நெல்லுக்கு" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

நான் போய் இறங்கியபோது மழை விட்டு வெயிலே அடித்தது. அப்பா ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். பக்கத்துக் குவியல்காரர் அப்போதுதான் கேட்டார்: "ஏங்க, படுதா போடல?"

"எலி கடிச்சிருச்சுங்க" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்து, ஒரு சின்ன ஓட்டைகூட இல்லாத நீலப் படுதாவைத் தலையில் சுமந்துகொண்டு நான் போய் நின்றேன். எல்லோரும் படுதாவைப் பார்த்தார்கள். பிறகு அப்பாவைப் பார்த்தார்கள். (யாராவது திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.)

"இந்தாங்கப்பா."

"இப்ப மூடுனா புழுங்கி முளைச்சிரும்மா. நீயே எடுத்துட்டுப் போ. அங்க அது நனையுமே."

மறுபடியும் அதே மூட்டை, அதே நடத்துநர். அவர் தன் பக்கத்து இருக்கையைக் காட்டினார். திரும்பிப் போய்ப் பார்த்தால், குவிமாடத்தில் குடை கவிழ்ந்து, அதில் சேர்ந்திருந்த தண்ணீர் மொத்தமும் குழாய்க்குள் இறங்கியிருந்தது. குடையே வைக்காமல் போயிருந்தால் கண்ணாடியில் நாலைந்து சொட்டோடு போயிருக்கும்.

கண்ணாடிக்குப் புதுப் பூச்சு போட வெளியூர் அனுப்பினார்கள். அது திரும்பி வரும்வரை, யாரோ எப்போதோ எடுத்துவைத்த அளவீடுகளை வைத்து ஆய்வு செய்தேன். மழைக்கு மறுநாளே நான் ஊருக்குத் திரும்பி வந்தேன்; நனைந்த நெல்லைச் சாலையில் பரப்பி மூன்று நாள் காலால் கிளறினோம். பாதிதான் தேறியது. மீதி வெள்ளையாய் முளைவிட்டு, வாத்துகளுக்குத் தீனியாக வாத்துக்காரரிடம் போனது. கடைசி நாள், நெல்லை அள்ளும்போது அப்பா கேட்டார்: "அந்தத் தூசியெல்லாம் போச்சாம்மா?"

தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் என் பெயர் அன்றோடு 'எலி' ஆயிற்று. பட்டம் வாங்கிய அன்று தம்பி உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் 'எங்கள் முனைவர் எலி' என்று போட்டான். நான் ஊருக்குப் போனால் அம்மாகூட, "எலி வந்திருக்கு, எல்லாத்தையும் பத்திரமா வைங்க" என்பாள். எல்லோரும் சிரிப்போம். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன்.

அப்பா மட்டும் சிரிப்பதில்லை. "புள்ளய அப்படிக் கூப்பிடாதீங்க" என்று எழுந்து வாசலுக்குப் போவார். நான் கைபேசியோடு உள்ளேதான் இருப்பேன். மேகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அவரே அண்ணாந்து பார்த்துக்கொள்வார்.