மூன்றாவது பிளவுக்கு ஓர் அத்தாட்சி

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். வீடு மட்டும் அவ்வளவு நலமில்லை. நீயும் உன் நிலநடுக்க ஆய்வு நிலையமும் அசையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன திங்கட்கிழமை காலையில் முதல் நடுக்கம் வந்ததும் உனக்குப் போன் செய்தேன். "பூமிக்கு அடியில மேற்குப் பக்கத்துப் பாறைப் பிளவு நழுவிடுச்சு அத்தான். நூறு வருஷமா சேர்ந்த இறுக்கம் ஒரே நிமிஷத்துல தளர்ந்துடுச்சு" என்றாய். அதற்குப் பிறகும் ஏதோ சொல்ல வந்தாய், எனக்கு அதுவே போதுமாக இருந்ததால் போனை வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவன், புத்தகங்கள் தரையில் கிடக்கச் சும்மா இருப்பானா? படுக்கையறை அலமாரியை நிமிர்த்தி, மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எண் வரிசைப்படி அடுக்கினேன். கனமான அகராதிகளுக்கு எண்படி மேல்தட்டு. "எதுக்குங்க இவ்வளவு அவசரம்?" என்றாள் உன் அக்கா. "பூமி வேலைய முடிச்சாச்சு. உன் தம்பியே சொல்லிட்டான்" என்றேன். வியாழக்கிழமை மத்தியானம் கடைசி அகராதியை ஏற்றிவிட்டு முகம் கழுவப் போனேன், பக்கத்துப் பிளவு நழுவியது. முதல் நடுக்கத்தில் விரிசல் மட்டும் விட்டிருந்த சுவர், இந்தத் தடவை அலமாரியையும் தள்ளிக்கொண்டு கட்டில்மேல் விழுந்தது. உன் அக்கா தினமும் அந்த நேரத்தில் படுக்கிற கட்டில். அன்று துணி காயப்போட வெளியே போயிருந்ததால் பிழைத்தாள்.

சாயங்காலம் நீ மறுபடி விளக்கியதுதான் மண்டையில் ஏறியது. ஒரு பிளவு நழுவினால் இறுக்கம் முழுக்கக் காணாமல் போய்விடாது, ஒரு பங்கு பக்கத்துப் பிளவின் தலையில் ஏறும், அதுவும் நழுவுகிற நிலையில் இருந்தால் தீர்ந்தது கதை. அடுக்கில் ஒரு புத்தகத்தை உருவினால் பக்கத்துப் புத்தகம் சாய்கிற மாதிரி. இதை நான் போனை வைப்பதற்குள் சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொறியாளர் வந்து பார்த்து, முன்னறையும் சமையலறையும் உறுதியாக இருக்கின்றன, தங்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உன் அக்காதான் பள்ளி மைதானத்துக் கூடாரத்தை விட்டு வரமாட்டேன் என்கிறாள். பயந்த சுபாவம், என்ன செய்வது? எவ்வளவோ தைரியம் சொல்லிப் பார்த்தேன். ஆகவே கிழக்கே மிச்சமிருக்கும் மூன்றாவது பிளவு நகராது என்று முத்திரை வைத்து ஓர் அத்தாட்சி அனுப்பு. "அப்படி யாராலயும் எழுதித் தர முடியாது அத்தான்" என்பாய். தெரியும். தோராயமாக எழுது.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நின்ற இடத்தில் நிலையாக நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "உண்மைய எழுதுங்க" என்று பேனாவை என் கையில் திணித்தாள். கூடாரத்தை விட்டு வராதது நான்தான். எனக்காகத்தான் அவளும் இங்கே படுக்கிறாள். தினமும் வீட்டுக்குப் போய்ச் சமைத்துக் கொண்டுவருகிறாள், அவள் உள்ளே இருக்கும்வரை நான் தெருவில் நின்று, "வந்துட்டியா? வந்துட்டியா?" என்று கத்திக்கொண்டிருக்கிறேன். அந்த அகராதிகளை அவள் கட்டிலுக்கு மேலே ஏற்றி வைத்தவன் நான். அத்தாட்சி வேண்டாம். ஒரு நாள் லீவு போட்டு வந்து, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போ.