செவ்வாய்க்கிழமை ஓய்வு

யார் சொன்னாலும் கேட்காத குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதை வீரம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளில், மரக்காணம் உப்பளத்தில் நான் கூடை தூக்கிய காலத்தில், அது வீரமில்லை என்று ஊரே பார்க்க, ஆறு மைல் தூரத்துக்குத் தெரிந்துபோனது.

அந்தச் சித்திரைத் திருவிழாவில் பெண்களுக்கு ஆறு மைல் நெடுந்தூர ஓட்டம் வைத்தார்கள். எங்கள் உப்பளத்துப் பெண் யாராவது முதலில் வந்தால், மதியம் நிழலில் உட்கார ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுத் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்தார். உப்பளத்தில் மரம் ஏது? மேலே வெயில், கீழே வெள்ளை உப்பு. இரண்டும் சுட, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கூழ் குடிப்போம். நாற்பது பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள். (நான் வேகமாக நடப்பேன். வாயும் வேகம்.) "நான் வாங்கித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். என் தோழி அஞ்சலையும் பேர் கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் ஆறு வாரப் பயிற்சியை ஒரு தாளில் எழுதி, எங்களுக்குப் படித்தும் காட்டினார். திங்கள் ஒரு மைல். செவ்வாய் ஓய்வு. புதன் இரண்டு மைல். வியாழன் ஓய்வு. கடைசி வாரத்தில் ஓய்வுதான் அதிகம்.

"இன்னா சார், ஓடச் சொல்லிக் குடுங்கன்னா தூங்கச் சொல்லிக் குடுக்கறீங்க?"

"ஓய்வெடுக்கறப்பதாம்மா காலு பலமாவும்."

"செவ்வாய்க்கிழமை காலு பலமாவப் போவுது, வேலைக்கு வரலைன்னு மேஸ்திரிகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க சார்."

அஞ்சலை தாளை மடித்து இடுப்பில் செருகினாள். "ஓடறதுக்குத்தான்டி ஓய்வு சொல்றாரு. எனக்கு இது சரியாத்தான் படுது."

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க காலும் நம்ம காலும் ஒண்ணாடி?" என்று அதைப் பிடுங்கிக் கிழித்தேன்.

நான் போட்ட திட்டம் வேறு. வேலை முடிந்ததும் தலையில் உப்புக் கூடையோடு பாத்தியிலிருந்து குவியல் வரைக்கும் ஓட்டம். கொட்டிவிட்டுத் திரும்பி அடுத்த கூடை. பாரத்தோடு ஓடிப் பழகினால், பாரமில்லாதபோது பறக்கலாம் அல்லவா? ஒரு நாள்கூட விடவில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் இருபது கூடை அதிகம். அஞ்சலையையும் விடவில்லை.

பந்தயத்தன்று முதல் மைல் பறந்தது நிஜம். அப்புறம், பாரமில்லாத கழுத்து தள்ளாடியது. கைகள் எதையோ பிடிக்க மேலே மேலே போயின. நூறு அடிக்கு ஒரு தரம் கால் தானாக நின்றது. உப்புக் குவியல் வரும் தூரம் அது!

"ஏன்டி நிக்கறே?" என்றாள் அஞ்சலை.

"நான் நிக்கலடி, காலு நிக்குது! நீ போ!"

சாலையோரம் ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். வேறொன்றும் தோன்றவில்லை எனக்கு. கூடையைத் தூக்கித் தலையில் வைத்தேன். அடடா, கால் ஓட ஆரம்பித்துவிட்டது!

"அடிப்பாவி! என் நெத்திலிடி! கீழ வைடி!"

"முடியற எடத்துல குடுத்துடறேங்க்கா!"

மீன் தண்ணீர் முகத்தில் வழிய, பின்னால் அவளும் நாலு நாய்களும் துரத்த, ஒவ்வொருத்தியாகத் தாண்டினேன். அஞ்சலையையும் தாண்டினேன். நிற்கக் காலுக்கு நேரமே இல்லை. முடிவுக் கயிற்றுக்குப் பத்தடி முன்னால் மீன்காரம்மா என்னை முந்தி, கயிற்றை அறுத்துக்கொண்டு போய், திரும்பி வழி மறித்தாள். கூட்டம் அவளுக்கு மாலை போட்டது.

"மாலை இன்னாத்துக்குய்யா? மீனைக் குடுக்கச் சொல்லு!"

பேர் கொடுக்காதவளுக்கும் பரிசில்லை, கூடை தூக்கியவளுக்கும் பரிசில்லை என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தபோதே பக்கத்து ஊரான கீழ்புத்துப்பட்டுப் பெண் ஒருத்தி முதலாவதாக ஓடி வந்தாள். நாலடி பின்னால் அஞ்சலை. இரண்டு கெண்டைக்காலும் வீங்கியிருந்தன. அது அந்த இருபது கூடையின் வேலை என்று எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

கொட்டகை வரவில்லை. மறுநாள் மதியம் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது தேவைக்கு மேல் பாடுபட்டால், "நெத்திலிக் கூடையோட ஓடாதே" என்பார்கள். பேரப்பிள்ளைகள் நாய் மாதிரிக் குரைத்துக் காட்டுவார்கள். நானும் சிரிப்பேன். அஞ்சலை வந்திருந்தால் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தரமும் கேட்பாள்:

"நாம ஜெயிச்சிருந்தா, மொதலாளி கொட்டகை போட்டிருப்பாரு இல்லடி?"

"போட்டிருப்பாருடி" என்பேன்.