சிவப்புத் தேனும் இரண்டு சாடிகளும்

அன்று காலை மண்டபத்தில் இருந்தவர்கள்: மூட்டுவலிக்காரர்கள் அறுபது பேர், சர்க்கரை நோயாளிகள் நாற்பது பேர் (தேன் குடிக்க வந்த சர்க்கரை நோயாளிகள், இதற்கு மேல் என்ன சொல்ல), மகன் பரீட்சையில் தேற வேண்டும் என்று வந்த ஒரு தாய், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மேடையில் தேன் ஐயா, வாசலில் மண்டபக் காவலாளி, அவரை ஒட்டி முறைத்தபடி நின்ற அவர் தங்கை. தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். தேனை நம்பி வராதவள் அவள் ஒருத்திதான்.

ஐயாவின் வைத்தியம் எளிமையானது. மலையுச்சியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரத்தின் தேன் ஒரு கரண்டி. குடித்த அரைமணியில் தலை சுற்றும், கை கால் மரத்துப்போகும், குமட்டும். நோய் உடம்பை விட்டுக் கிளம்பும் அடையாளமாம் அது. சுற்றாவிட்டால்? நம்பிக்கை போதவில்லை, இன்னொரு கரண்டி. சுற்றினால் வெற்றி, சுற்றாவிட்டால் வசூல். ஐயாவும் தினமும் எல்லார் முன்னாலும் ஒரு கரண்டி குடித்துவிட்டுப் பாறை மாதிரி உட்கார்ந்திருப்பார். நோயில்லாத உடம்பு ஆடாது என்பார். கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

காவலாளிக்கு இரத்தக் கொதிப்பு. மண்டபத்து ஆள் என்பதால் அவருக்குத் தேன் இலவசம். பத்து நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டு அதைத்தான் குடித்தார். முந்தின நாள் குளியலறையில் விழுந்தார். தங்கை மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள்: நாடி நிமிடத்துக்கு நாற்பது. அவர் முகத்திலோ பெருமை. மலைக்காரர்கள் அந்தப் பூவை வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பதுண்டு, ஆனால் இலைப்பக்கம் மாட்டைக்கூட விடமாட்டார்கள், அந்தத் தேனில் இதயத்தை மந்தமாக்கும் நஞ்சு இருக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. நோய் கிளம்ப ஆரம்பித்துவிட்டது என்று ஐயா இன்று அவருக்கு இரட்டைக் கரண்டி சொல்லியிருந்தார். இதயம் அதைத் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

அவர் முறை வந்தது. ஐயா தன் கரண்டியை இடப்பக்கச் சாடியிலும், காவலாளியின் கரண்டியை வலப்பக்கச் சாடியிலும் மொண்டார். நூறு பேர் பத்து நாளாகப் பார்த்த காட்சிதான். ஆனால் ஒரு கட்டில் மருந்து அடுத்த கட்டிலுக்குப் போகாமல் பார்த்துப் பார்த்தே இருபது வருஷம் ஓட்டியவள் கண்ணில்தான் அது பட்டது.

"ரெண்டும் ஒரே தேன்தானே ஐயா?" என்றாள்.

"ஒரே மரம், ஒரே கூடும்மா."

"அப்போ கரண்டியை மாத்திக்குங்க. உங்களோடதை எங்க அண்ணன் குடிக்கட்டும்."

ஐயாவின் கை நின்றது. ஒருவர் பேரைச் சொல்லி ஊற்றியதை மற்றவர் குடிக்கலாகாது என்று ஒரு சாத்திரத்தை அந்த நொடியிலேயே பெற்றெடுத்தார். கூட்டம் அதற்கும் தலையாட்டியது. அவள் தோற்றிருப்பாள். கைகொடுத்தது பகுத்தறிவு இல்லை, பக்தி. தலைமையாசிரியர் எழுந்து கைகூப்பினார்.

"குடிச்சுக் காட்டிடுங்க ஐயா. இந்தம்மா வாயை அடைச்ச மாதிரி இருக்கும்."

பக்தர்கள் பிடித்துக்கொண்டால் சாமிக்கே தப்ப வழியில்லை. கரண்டிகள் கை மாறின. காவலாளி குடித்தார், ஐயாவும் வாயைத் திறந்தார். பாதி போதும் என்று தடுத்தவள் தங்கைதான். ஆளைச் சாகடிப்பது அவள் வேலையில்லை.

அரைமணி யாரும் நகரவில்லை. காவலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாறை வியர்த்தது. சாய்ந்தது. வாந்தி எடுத்தது. தங்கை அதன் நாடியைப் பிடித்தாள்.

"என்ன குடிச்சீங்கன்னு டாக்டர் கேப்பாரு. சொல்லுங்க."

"விஷத்தேன்மா," என்று முனகினார். "தினமும் நான் குடிக்கிறது வெறும் வெல்லப்பாகு. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோம்மா."

ஊர் நோயைத் தீர்த்தவர் ஆம்புலன்ஸில் ஏறினார். வலப்பக்கச் சாடியும் டாக்டர் பார்க்கட்டும் என்று கூடவே போனது. கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்தது. எல்லாரும் முதல் நாளே தங்களுக்குச் சந்தேகம் வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

காவலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாத்திரையை இப்போதே போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

"டாக்டர்கிட்ட வா, அவர் சொல்லட்டும். என்னைக்கூட நம்பாதே," என்றாள் தங்கை.

தலைமையாசிரியர் மட்டும் போகவில்லை. கண் கலங்கியிருந்தது. "நம்ம எல்லார் நோயையும் அவரு தன் உடம்புல வாங்கிக்கிட்டாரும்மா," என்றார். "டாக்டர் பார்த்தப்புறம் அந்தச் சாடியில மிச்சம் கிடைக்குமா?"

"சார், நாப்பது வருஷமா பிள்ளைங்களை யோசிச்சு எழுதச் சொன்னீங்களே. நீங்க எப்ப யோசிக்கப் போறீங்க?"

காவலாளி தலைமையாசிரியரைக் கைத்தாங்கலாக வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தி, அவர் முதுகுக்குப் பின்னால் மண்டபக் கதவைச் சாத்திப் பூட்டினார்.